முப்பது மேசை

ஆமாக்கா, சீனன்தான். அசல் சீனன், மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. நீங்க போன்ல உங்க தம்பிகிட்ட, "பக்கத்து சீட்ல ஒரு சீனன் உக்காந்திருக்கான், பையை நகத்தச் சொன்னா புரியுமோ என்னமோ"ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே எனக்கு சிரிப்பு முட்டிருச்சு. பை அங்கயே இருக்கட்டும். ஐய, இதுக்கெல்லாம் போய் மன்னிப்பு கேப்பாங்களா? விடுங்க லா.

பேரு லோக் வெங் கியோங். தோட்டத்துல அது யாரு வாயிலயும் நுழையல, வேங்கைன்னு வச்சுட்டாங்க. சுங்கை சிப்புட்டுக்கு உள்ள தள்ளி ஒரு ரப்பர் தோட்டம், அங்க எங்கப்பா மளிகைக் கடை வச்சிருந்தாரு. நூத்துப் பத்து வீடு தமிழாளுங்க, ஒரே ஒரு வீடு நாங்க. எனக்கு ரெண்டு வயசுலயே அம்மா போயிட்டாங்க. நடந்து போற தூரத்துல இருந்தது தமிழ்ப் பள்ளிக்கூடம்தான், அதுலயே போட்டுட்டாரு. அதனால கோவம் வந்தாலும் எனக்குத் தமிழ்தான், அழுகை வந்தாலும் தமிழ்தான். யோக் பிங்கூட சண்டை வந்தா நான் தமிழ்ல கத்துவேன். அவளுக்கு ஒரு எழுத்து புரியாது. "முழுசா கத்தி முடி, அப்புறம் நம்ம பாஷையில சொல்லு"ன்னுட்டு சோயாப்பாலை வடிகட்டிக்கிட்டு இருப்பா.

யோக் பிங் என் பொண்டாட்டி.

டீ குடிக்கிறீங்களா? பால் போடாத டீ. வேணாமா? சரி சரி. இந்த ஃபிளாஸ்க் பழசு, மூடி நசுங்கிப் போச்சு, ஆனா சூடு போகாது. நாளைக்கு வரைக்கும் தாங்கும்.

நீங்க எங்க, கல்யாணத்துக்கா? தம்பி மகளா? நல்லாருக்கட்டும். நாளைக்குக் காலையில கோயில்ல தாலி, சனிக்கிழமை மண்டபத்துல டின்னரு. எத்தனை மேசை? எண்பதா! மேசைக்குப் பத்துப் பேருன்னா எண்ணூறு பேரு, அடேங்கப்பா. உங்க தம்பி பெரிய ஆளுதான். எனக்கு முப்பதுதான், அடுத்த மாசம் ஒம்போதாம் தேதி, ஈப்போவுலயே. ஆமாக்கா, கல்யாண விருந்துதான். பொண்ணு யாருன்னா கேக்குறீங்க? என் பொண்டாட்டிதான். வேற யாரு?

குழம்பிட்டீங்களா? இன்னும் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு ஈப்போ கோர்ட்டுல எங்களுக்கு விவாகரத்து.

சிரிங்க, பரவால்ல. கப்பல் பட்டறையில என்கூட வெல்டிங் பண்ற பசங்க எல்லாம் சிரிச்சானுங்க. நீங்க சிரிக்கல. நல்ல மனசு உங்களுக்கு. ஈப்போ போய்ச் சேர நேரம் இருக்கு, பஸ்ஸு இன்னும் சிரம்பானே வரல, நான் முதல்ல இருந்து சொல்றேன். சொல்லிட்டு ஒரு கேள்வி கேப்பேன், நீங்க பதில் சொல்லணும். ஒரு பொம்பளைகிட்ட கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு.

ஏழு வருஷத்துக்கு முன்னாடி நாங்க பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். எதுக்குன்னா, ஈப்போவுல மலிவு விலையில அடுக்குமாடி வீடு போட்டாங்க, விண்ணப்பம் போட கல்யாண சர்டிபிகேட் கேட்டாங்க. அதுக்குத்தான். எங்காளுங்க நெறையப் பேரு அப்படித்தான் பண்றாங்க. முதல்ல வீட்டுக்காக ஒரு கையெழுத்து, அப்புறம் காசு சேந்ததும் கல்யாணம். கையெழுத்துப் போட்டதால அவ என் வீட்டுக்கு வந்துட முடியாது. கவர்மென்டுக்கு நாங்க புருஷன் பொண்டாட்டி, சாதிசனத்துக்கு இன்னும் யாரோ எவரோ.

உங்களுக்குத் தாலி இருக்குல்ல? எங்களுக்கு அது டீதான். பொண்ணும் மாப்பிள்ளையும் முட்டி போட்டு, ரெண்டு கையால கிண்ணத்தைப் பிடிச்சு, பெரியவங்களுக்கு டீ குடுக்கணும். அவங்க ஒரு வாய் குடிச்சாத்தான் கல்யாணம். குடுக்கும்போது முறை சொல்லிக் கூப்பிடணும். அதுதான் முக்கியம். அது வரைக்கும் பொண்ணோட அம்மாவை நான் ஆன்ட்டின்னுதான் கூப்பிடலாம். அந்த டீயை நீட்டுற நிமிஷத்துல, 'மா'ன்னு கூப்பிடணும். வாயை மாத்துறதுன்னு எங்க பாஷையில சொல்லுவோம். எனக்கு அந்த வார்த்தையை யாரையும் கூப்பிட்டுப் பழக்கம் இல்லக்கா. ரெண்டு வயசுல என்னத்தைக் கூப்பிட்டிருப்பேன்?

அந்த ஆன்ட்டி பாசார்ல, சந்தையிலதான், சோயாப்பால் வித்தாங்க. தங்கமான மனுஷி. புருஷன் செத்த பிறகு ஒத்தையா நின்னு இவளை வளத்தாங்க. அவங்ககிட்டதான் பொண்ணு கேக்கப் போனேன். எங்கள்ல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் பணம் வைக்கணும், தெரியும்ல? என் கூட்டாளி ஒருத்தன்கிட்ட பதினெட்டாயிரம் வெள்ளி கேட்டாங்க, ஒரு பைசா கொறைக்கல. நான் அந்தக் கணக்கை மனசுல போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஆன்ட்டி என்ன சொன்னாங்க தெரியுமா? "எட்டு வெள்ளி வை. எட்டு ராசியான நம்பர், அது போதும்"னாங்க.

எட்டு வெள்ளி! எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. தோட்டத்துக் கடைக்காரன் மகன், அப்பன் ஆத்தா இல்லாதவன், இவன்கிட்ட என்ன இருக்கப் போகுதுன்னு நினைச்சுட்டாங்களா? "எட்டாயிரத்து எண்ணூத்து எண்பத்தெட்டு வைக்கிறேன் ஆன்ட்டி, முப்பது மேசை போடறேன்"னு நான் சொன்னேன். யோக் பிங் என்னை முறைச்சா. "முப்பது மேசைக்கு யாரு வருவா? நமக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு மேசைக்குத் தேற மாட்டாங்க"ன்னா. பொம்பளைங்க அப்படித்தான் சொல்வாங்க, மனசுல ஆசை இருக்கும். அவளுக்காகத்தான் அக்கா முப்பது மேசை. அவ மகாராணி மாதிரி நடந்து வரணும்னு.

ஏன் முப்பதுன்னா, எனக்குப் பதினொரு வயசுல பெரியப்பா மகனுக்கு ஈப்போவுல கல்யாணம். ரெண்டு பெரியப்பா எனக்கு, ரெண்டு பேரும் இரும்புக் கடை, நல்ல வசதி. முப்பது மேசை போட்டிருந்தாங்க. எங்கப்பாவையும் என்னையும் முப்பதாவது மேசையில, கக்கூஸ் கதவுக்குப் பக்கத்துல உக்கார வச்சாங்க. ஒவ்வொருத்தன் உள்ள போறப்பவும் கதவு என் நாற்காலியில இடிக்கும். மீனு எங்க மேசைக்கு வரவே இல்ல. அப்பா கடலையைக் கொறிச்சுக்கிட்டே இருந்தாரு. தோட்டத்துக்குத் திரும்பி வந்து, லாரியில இருந்து இறங்கி, "நல்ல சாப்பாடு"ன்னாரு.

இதோ பாருங்க, சட்டைப் பையில வச்சிருக்கேன். எந்த மேசையில யாருன்னு எழுதினது. ஏழு வருஷமா மடிச்சு மடிச்சு கிழிஞ்சு போச்சு, டேப் ஒட்டியிருக்கேன். ரெண்டு பெரியப்பாவும் முப்பதுல. கக்கூஸ் எந்தப் பக்கம்னு ரெஸ்டாரண்ட்டுல கேட்டு வச்சுட்டேன்.

இல்லக்கா, இது அவளுக்காகத்தான். நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க?

சரி, கதைக்கு வரேன். பதிவு முடிஞ்சதும் நான் ஜொகூருக்கு வந்து ரூம் எடுத்துக்கிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சேன். விடியக்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள்ல பாலத்தைத் தாண்டணும். சம்பளம் சிங்கப்பூர் வெள்ளி, நம்ம காசுக்கு மூணு மடங்கு, அதனால ஒரு வருஷம்தான், மிஞ்சிப் போனா ரெண்டு வருஷம்னு சொன்னேன். அதுக்குள்ள வீடு கிடைச்சிருச்சு. எட்டாவது மாடி, ரெண்டு ரூமு. டீ குடுக்காம அங்க குடிபோக முடியாது. ஆனா அவ ஞாயித்துக்கிழமை தவறாம போவா, கூட்டுவா, துடைப்பா, ஜன்னலைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருப்பா. பச்சைக் கலர்ல ஜன்னல் துணி தச்சுப் போட்டிருந்தா. வீட்டுல ஆளே இல்ல, ஜன்னலுக்குத் துணி!

நான் யோசிச்சேன், பூட்டிக் கிடக்குற வீடு, வாடகைக்கு விட்டா மாசம் அறுநூறு வெள்ளி வரும், வருஷத்துக்கு ஆறு மேசை. ஒரு வாத்தியாரு, புதுசா கல்யாணம் ஆன ஜோடி, அவங்களுக்கு விட்டேன். யோக் பிங்கிட்ட சொன்னேன், "சரி"ன்னா. ஜன்னல் துணியை மட்டும் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டா. அதுக்கு ஒரு வார்த்தை கோவமா பேசியிருந்தா கூடத் தேவலாம்.

நாலாவது வருஷம் ஆன்ட்டிக்கு கிட்னி போச்சு. ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்க. நான் லீவு சொல்லிட்டு ஓடினேன். ஆளு பாதியா ஆயிருந்தாங்க. என்னைப் பாத்ததும் எழுந்து உக்காந்துக்கிட்டாங்க. இந்த ஃபிளாஸ்க் அவங்களோடதுதான், கட்டில் பக்கத்துல இருந்துச்சு. யோக் பிங் அதுல டீ போட்டு வச்சிருந்தா. ஆன்ட்டி என்னைப் பாத்துச் சொல்றாங்க, "வெங் கியோங், இந்த மூடியில கொஞ்சம் ஊத்து. ரெண்டு பேருமா குடுங்க. நான் குடிச்சுடறேன். முடிஞ்சது."

எனக்குப் புரிஞ்சுது அக்கா. புரியாம இல்ல. பக்கத்துக் கட்டில்ல ஒரு கெழவன் இருமிக்கிட்டே இருக்கான், மூத்திர நாத்தம், நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போறா. இங்கயா? ஃபிளாஸ்க் மூடியிலயா? சிவப்புத் துணி இல்ல, கிண்ணம் இல்ல, ஒரு ஆரஞ்சுப் பழம்கூட இல்ல. நான் சொன்னேன், "என்ன ஆன்ட்டி, ஏதோ ஆகப் போற மாதிரி பேசுறீங்க? சீனப் புத்தாண்டுக்குள்ள நீங்க எழுந்துடுவீங்க. முப்பது மேசைக்கு நடுவுல சிவப்பு நாற்காலியில உங்களை உக்கார வச்சு டீ குடுக்கறேன், பாருங்க."

அவங்க சிரிச்சாங்க. "இன்னும் ஆன்ட்டின்னுதான் கூப்பிடப் போறியா?"ன்னு கேட்டாங்க. நானும் சிரிச்சேன். யோக் பிங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

பதினாறு நாள்ல செத்துட்டாங்க.

அடக்கத்துக்கு மூணு நாள் நின்னேன். மகன் மாதிரி எல்லாம் செஞ்சேன், யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. நாப்பத்தொம்பதாவது நாள் சாமி கும்பிட்டு முடிச்சுட்டு அவ போன் போட்டா. எங்கள்ல ஒரு வழக்கம் இருக்கு. வீட்டுல அப்பாவோ அம்மாவோ செத்துட்டா, நூறு நாளைக்குள்ள கல்யாணத்தை முடிச்சுடணும். இல்லாட்டி துக்கம் கழிய மூணு வருஷம் காத்திருக்கணும். "நூறு நாளைக்குள்ள பண்ணிக்கலாம். அம்மா படத்துக்கு முன்னாடி டீ வச்சாப் போதும்"னா.

நான் என்ன சொன்னேன்? "நூறு நாளைக்குள்ளன்னா துக்கத்தோட துக்கமா, சிவப்பு கட்டாம, விருந்து போடாம, நாலு செவுத்துக்குள்ள டீயை வச்சுட்டு வரதா? திருட்டுக் கல்யாணமா அது? மூணு வருஷம் இருக்கட்டும் லா. அதுக்குள்ள இன்னும் காசு சேரும்." அவ முழுசாக் கேட்டா. அப்புறம் "சரி"ன்னா. சரின்னா சரிதானே அக்கா? மனுஷன் வேற என்னன்னு எடுத்துக்குவான்?

மறுநாள் காலையில அவகிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சு. வெறும் நம்பர். அம்பது. ஒரு வார்த்தை இல்ல. 'என்ன?'ன்னு கேட்டேன், பதில் இல்ல. ரூம்ல என்கூட இருந்த பசங்ககிட்ட காட்டினேன். மூணு பேரும் குதிச்சு எழுந்தானுங்க. "டேய், உன் மாமியா கனவுல வந்து நம்பர் குடுத்திருக்காடா! ஓடு, எடு!"ன்னானுங்க.

உங்களுக்குத் தெரியாததா, நாலு நம்பர் லாட்டரி எடுக்காத வீடு நம்ம ஊர்ல எங்க இருக்கு? செத்தவங்க கனவுல வந்து நம்பர் சொல்வாங்கன்னு உங்காளுங்களும் நம்புறாங்க, எங்காளுங்களும் நம்புறாங்க. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. ஆன்ட்டிக்கு என் மேல எவ்வளவு பாசம் பாருங்க, செத்தும் முப்பது மேசைக்கு வழி பண்றாங்கன்னு நினைச்சேன். அவங்க வீட்டு நம்பர் முப்பத்தாறு. அதுகூட அம்பதைச் சேத்து முப்பத்தாறு அம்பதுன்னு பத்து வெள்ளிக்கு எடுத்தேன். விழல.

தினமும் நம்பர் வந்துச்சு. குலுக்கல் புதன், சனி, ஞாயிறு மட்டும்தானே? அந்த மூணு நாள் வர்ற நம்பரைத்தான் நான் பாப்பேன். மத்த நாள் மெசேஜை நான் திறக்குறதே இல்லக்கா. சும்மா கிடக்கட்டும்னு விட்டுடுவேன்.

நாப்பது ஆச்சு, முப்பது ஆச்சு, இருபது ஆச்சு. இறங்குதேன்னு ஒரு நாள் தோணுச்சு. பெரியவங்க ஒழுங்கா வரிசையா குடுக்குறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். என்னை எதால அடிக்கிறது, சொல்லுங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை ஒம்போதுன்னு வந்துச்சு. முப்பத்தாறு சைபர் ஒம்போது எடுத்தேன். அன்னைக்கு சாயந்திரம் ரெண்டாவது பரிசு! பத்தாயிரம் வெள்ளி! தலைகால் புரியல எனக்கு. ரூம்ல பசங்க என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆடுறானுங்க. அவளுக்குப் போன் போட்டுக் கத்தினேன், "உங்கம்மா குடுத்துட்டாங்க! உங்கம்மா குடுத்துட்டாங்க!" அவ கேட்டா, "அப்போ நீ வரியா?" நான் சொன்னேன், "சனிக்கிழமை காலையில வரேன், சாயந்திர பஸ்ஸுக்குத் திரும்பணும், ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் இருக்கு." "காலையிலயே வந்துடு, நான் எல்லாம் எடுத்து வைக்கிறேன்"னா. குரல்ல சந்தோசம் தெரிஞ்சுது அக்கா. ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி ஒரு குரல். பணம் விழுந்த சந்தோசம்னு நான் நினைச்சேன்.

சனிக்கிழமை ஈப்போவுல இறங்கினதும் நேரா ரெஸ்டாரண்ட்டுக்குப் போயிட்டேன். மூணு வருஷம் கழிச்சு முப்பது மேசைன்னதும் மேனேஜர் சிரிக்கிறான். நான் விடல. அன்னைய விலையிலயே மேசைக்கு ஆயிரத்து நூறுன்னு பேசி, பத்தாயிரத்தையும் முன்பணமா கட்டி, ரசீது வாங்கிட்டுத்தான் நகந்தேன். அங்கயே மணி மூணு ஆயிருச்சு. அவ வீட்டுக்குப் போய்ச் சேந்தப்ப என் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு.

அவ சிவப்புச் சட்டை போட்டிருந்தா. அம்மா படத்துக்கு முன்னாடி ஒரு சின்ன மேசை. அதுமேல டீ செட்டு. ஆன்ட்டி எங்களுக்காக வாங்கி அலமாரியில பூட்டி வச்சிருந்த சிவப்பு டீ செட்டு, கிண்ணமெல்லாம் துடைச்சு, டீ போட்டு மூடி வச்சிருந்தா. கீழ ரெண்டு தலகாணி, பக்கத்துல பக்கத்துல.

அக்கா, நான் அப்போ பாத்தேன். கண்ணாலதான் பாத்தேன். ஆனா என் சட்டைப் பையில ரசீது இருந்துச்சு, எனக்கு வேற எதுவும் தெரியல. "அப்பா, முதுகு ஒடியுது"ன்னுட்டு அந்தத் தலகாணியில ஒண்ணை இழுத்து முதுகுக்கு வச்சு சுவத்துல சாஞ்சுக்கிட்டேன். இன்னொண்ணுல காலை நீட்டிக்கிட்டேன். ரசீதை எடுத்து அவ கையில குடுத்தேன். மேசைக்கு ஒம்போது அயிட்டம், எல்லா மேசைக்கும் முழு மீனு, முப்பதாவது மேசைக்கும் மீனுன்னு பேசிக்கிட்டே இருக்கேன். அவ நின்னுக்கிட்டே கேட்டா. எல்லாத்தையும் கேட்டா. கடைசியில, "எங்கம்மாவுக்கு எந்த மேசை?"ன்னா.

"ஒண்ணாவது மேசைதான்! பேரை அழிக்கவே இல்ல பாரு"ன்னு பேப்பரைக் காட்டினேன். அவ பேப்பரை மடிச்சு என்கிட்டயே குடுத்தா. கிளம்புறப்ப டீ செட்டைக் காட்டி, "இதை உள்ள பூட்டி வை, மூணு வருஷத்துக்கு தூசி பிடிக்கும்"னேன். நான்தான் சொன்னேன். இந்த வாய்தான் சொல்லுச்சு.

அவ அந்த டீயை இந்த ஃபிளாஸ்க்குல ஊத்தி என் கையில குடுத்தா. "வழியில குடி"ன்னா. நானும் பஸ்ஸுல வரப்ப குடிச்சேன். இனிப்பா இருந்துச்சு, உள்ள சிவப்புப் பேரீச்சம்பழம் கிடந்துச்சு. கல்யாண டீயிலதான் அதைப் போடுவோம் அக்கா. நான் அதைத் தின்னுட்டு கொட்டையை ஜன்னல் வழியா துப்பினேன்.

அன்னைக்குக் காலையில வந்த நம்பர் மூணு. ஞாயிறு ரெண்டு, திங்கள் ஒண்ணு, செவ்வாய் சைபர். புதன்கிழமை குலுக்கல் நாளு, நம்பர் வரல. நான் மெசேஜ் போட்டேன். 'இன்னிக்கு நம்பர் எங்க?'

'முடிஞ்சிருச்சு'ன்னு எழுதினா. 'பரவால்ல, அதான் விழுந்துருச்சே'ன்னு நான் எழுதினேன். சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு வேற போட்டேன்.

அதுக்கப்புறம் எதுக்குமே அவ சண்டை போடல. நான் என்ன சொன்னாலும் சரி. ஓவர்டைம்னா சரி, புத்தாண்டுக்கு வர முடியலைன்னா சரி. பக்குவப்பட்டுட்டான்னு பெருமையா இருந்துச்சு எனக்கு. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு கவர் வந்துச்சு, பிரிச்சா விவாகரத்துப் பத்திரம், அவ கையெழுத்தோட. பதறிப் போய் போன் போட்டேன். எவனாவது இருக்கானான்னு கேட்டேன். இல்லைன்னா. அவ பொய் சொல்ல மாட்டா. "நான் உன்னை அடிச்சேனா? குடிச்சேனா? இன்னொருத்திகிட்ட போனேனா? ஏழு வருஷமா மாடு மாதிரி உழைக்கிறேன், யாருக்காக?"ன்னு கத்தினேன், தமிழ்லதான். அவ காத்திருந்தா. நான் முடிச்ச பிறகு கேட்டா, "நான் அனுப்பின நம்பரெல்லாம் என்னன்னு நினைச்சே?"

"உங்கம்மா கனவுல வந்து..."

"நாளு லா. நூறு நாள்ல மிச்சம் இருந்த நாளு."

கேட்டுட்டு நான் ரோட்டோரமா உக்காந்துட்டேன் அக்கா. போனைக் காதுல வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். லாரி போகுது, வருது. அவ அழல. சொன்னா, "வெங் கியோங், ஒரே ஒரு தடவை, நான் கேட்டதை நான் கேட்ட நாள்ல செஞ்சு குடு." அதனால கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கே போட்டு அன்னைக்கே தபால்ல சேத்தேன். அவ கேட்டு நான் உடனே செஞ்ச ஒரே காரியம் அதுதான்.

இப்ப என் கேள்வியைக் கேக்கறேன். மூணு வருஷம் இந்த மாசத்தோட முடியுது. அடுத்த மாசம் ஒம்போதாம் தேதி முப்பது மேசையும் இருக்கு, மீதிப் பணமும் சேத்துட்டேன், ஒரு வெள்ளி கடன் இல்ல. சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன்ல? நாளைக்கு கோர்ட்டு வாசல்ல ரசீதைக் காட்டினா, அவ மனசு மாறுமா மாறாதா? நீங்க பொம்பளை, சொல்லுங்க.

சொல்ல மாட்டீங்களா?

சரி. எனக்கே தெரியுது. அதனாலதான் இன்னைக்குக் கிளம்புறப்ப நானே டீ போட்டேன். பேரீச்சம்பழம் போட்டு, அளவெல்லாம் பழம் வித்த கடைக்காரிகிட்ட கேட்டுப் போட்டேன். சூடு தாங்கும்தான், ஆனாலும் நாளைக்கு விடிஞ்சதும் புதுசாப் போடணும், ஓட்டல்ல சுடுதண்ணி கிடைக்கும். ஜட்ஜ் கூப்பிடறதுக்கு முன்னாடி, வாசல்லயே, அவ பக்கத்துல நான் முட்டி போட்டுருவேன். மானம் போனா போகட்டும். கிண்ணம் வேணாம், இந்த மூடியே போதும். முட்டி போட்டு, ரெண்டு கையால பிடிச்சு...

யாருக்கு நீட்டுறது அக்கா?

அவங்க அன்னைக்கு ஆஸ்பத்திரியில எழுந்து உக்காந்தாங்க. குடிக்கறதுக்குன்னே எழுந்து உக்காந்தாங்க.

இல்ல, இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். கர்ச்சீப் வேணாம், இருக்கு. பெரியப்பாவா? அவனுங்களுக்கு நீட்டுறதுக்குப் பதிலா நான் கீழ கொட்டிடுவேன். அக்கா, உங்க முகூர்த்தம் எத்தனை மணிக்கு? கோர்ட்டு கோயிலுக்குப் பக்கம்தான். நான் டாக்சி வச்சுக் கூட்டிட்டுப் போயி கூட்டியாந்து விட்டுடறேன். ஒரு வாய்தான் குடிக்கணும், அஞ்சு நிமிஷம். ஒம்போதுல இருந்து பத்தரையா? ஓ. கோர்ட்டும் ஒம்போதுதான். ஆமா, நீங்க அத்தை, நீங்க இல்லாம எப்படி. நான் பாருங்க, யாருகிட்ட என்ன கேக்குறதுன்னு இல்லாம கேட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.

ஒரே ஒரு உதவி பண்றீங்களா? இங்கயே, இப்பவே. நான் அந்த வார்த்தையை இது வரைக்கும் யாரையும் கூப்பிட்டதில்ல. வாயில வருதான்னு பாக்கணும். பஸ்ஸு ஆடுது, முட்டி போட இடம் இல்ல. இப்படியே குடுக்கறேன். பாதிதான் ஊத்தியிருக்கேன், சூடு, பாத்து. ஒரு கையால வேணாம், ரெண்டு கையாலயும் வாங்குங்க.

குடிங்க... மா.